எருமப்பட்டி ஜீப்புக்கு மூச்சு நின்றது

“பாஸ், இந்த ஜீப்பு மேல யாரோ படுக்கையை விரிச்சுப் போட்டுட்டு, சுருட்டாமலே எந்திரிச்சுப் போயிட்டாங்க” என்றாள் சௌந்திரம்.

படுக்கை இல்லை. காற்றுப் போன ரப்பர் துணிப் பை. ஜீப்பின் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. நிரம்பினால் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் என்று ஜீப்பின் சொந்தக்காரர் ராசப்பன் கையைத் தூக்கிக் காட்டினார். இப்போது அது சுருங்கி இரண்டு பக்கமும் வழிந்து, முன்கண்ணாடியைப் பாதி மறைத்துக்கொண்டு தொங்கியது.

செங்கோடன் ஸ்கூட்டரை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் நிபுணர் என்று பலகை மாட்டியிருப்பவன் அவன். வருகிற கட்சிக்காரர்கள் தும்மிக்கொண்டே உள்ளே வந்து தும்மிக்கொண்டே வெளியே போவார்கள். உதவியாளர் என்ற பெயரில் சௌந்திரம் அவனுக்கு வாய்த்திருந்தாள். டைப்ரைட்டிங்கில் கை எவ்வளவு வேகமோ, அதைவிட வாய் வேகம்.

“ரோடு மட்டும் அருமைங்க பாஸ். புதுசாத் தார் போட்டு, பாயில படுத்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு. உங்க ஸ்கூட்டர்ல உக்காந்து எனக்கு இடுப்பு வலிக்காம வந்தது இதுதான் முதல் தடவை.”

“பெட்ரோல் ரிசர்வுல ஓடுது. அதைக் கவனிச்சியா?”

“அது எப்பத்தான் ரிசர்வுல ஓடாம இருந்துச்சு?”

ராசப்பன் சிரிக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். பெட்ரோல் விலை எகிறிய வருஷம் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கே வந்து உட்கார்ந்தார். கோழி எருவைத் தொட்டியில் ஊறவைத்து, மேலே கவிழ்த்த இரும்பு டிரம்மில் எழும்பும் வாயுவைப் பையில் பிடித்து, அதில் ஜீப் ஓட்டுவது என்று முடிவு. ஊர் சிரித்தது. போன மாசியில் நாமக்கல் வரைக்கும் ஓட்டியே காட்டிவிட்டார். திரும்பும்போது பை காலியாகி, பாதி வழியில் மாடு பூட்டி இழுத்து வந்தது வேறு விஷயம். போனது போனதுதானே. ஊர் சிரிப்பதை நிறுத்தியது. சித்திரையில் லாரி முதலாளிகளை வரவழைத்து, தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சாவியைத் திருகினார். ஜீப் அசையவில்லை. ஊர், விட்ட இடத்திலிருந்து மறுபடி சிரிக்க ஆரம்பித்தது.

“அன்னைக்கே நான் செத்துப்போனேனுங்க” என்றார் ராசப்பன். “தொட்டியில கேஸே எழும்பலை. யாரோ விஷம் வெச்சுட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க சாட்சியோட சொல்லோணும், அவ்வளவுதானுங்க.”

“யாருங்க?”

“சின்னுசாமி. என் மச்சினன். பெட்ரோல் பங்க் வெச்சிருக்கறான். இந்த ஜீப்பு ஓடுனா அவனுக்கு வயித்துல அடிதானுங்களே? ‘கோழி போட்டதுல வண்டி ஓடுனா நான் சாணியில பிளேன் உடறேன் மச்சான்’னு நெறஞ்ச பந்தியில சொன்னவனுங்க அவன். அன்னையில இருந்து அவன் ஊட்டுத் துரும்பு ஒண்ணு என் வாசலுக்கு வரக்கூடாதுன்னு சொல்லிப்போட்டேன்.”

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. செங்கோடன் முறைத்ததால் அதை இருமலாக மாற்றினாள்.

“நாளானிக்கு அவனுக்குக் கல்யாணம்” என்று தொடர்ந்தார் ராசப்பன். “நாளைக்குச் சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளைக்குச் சீர் செய்யக் கூடப்பொறந்தவ வேணும். அவனுக்கு என் ஊட்டுக்காரி ஒருத்திதான் அக்கா. இதுல அவன் கை இல்லைன்னு நீங்க சொன்னா அனுப்பி வெக்கறேன். இருந்துச்சுன்னா, அவ இந்தப் படலைத் தாண்டப்படாது.”

வாசற்படியில் நின்ற அவர் மனைவி பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள். உடன்பிறந்தவன் மணவறையில் உட்கார, சீர்ச்சேலை பிடிக்க ஒன்றுவிட்ட அக்கா யாரையாவது தேடுவார்கள். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் பாவாயி எங்கே என்று கேட்பார்கள். ஜீப் நின்றதற்கு இவள் ஏன் தண்டனை வாங்க வேண்டும் என்று செங்கோடனுக்கு எரிச்சலாக வந்தது.

“மோரு குடுக்கலாம்னா இல்லீங்க சார்” என்றாள் பாவாயி. “எருமைக்கு மடி வீங்கி ஊசி போட்டாங்க. அதுல இருந்து பாலு தோயவே மாட்டேங்குது. உறை ஊத்துனா ஊத்துன மாதிரியே கெடக்குதுங்க. வரக்காப்பி தரட்டுங்களா?”

“தாங்கக்கா, நானும் வாரேன்” என்று சௌந்திரம் அவள் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள்.

செங்கோடன் ஜீப்பைச் சுற்றி வந்தான். பெட்ரோல் டேங்கின் மூடியை வெல்டிங்கில் பற்றவைத்து அடைத்திருந்தது.

“இது எதுக்குங்க?”

“இந்த வண்டியில இனி ஒரு சொட்டு பெட்ரோல் ஊத்தறதில்லைன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணியிருக்கறேன். புத்தி மாறிடக் கூடாதுன்னு அடைச்சுட்டேன்.”

“அப்ப பெட்ரோலுக்கான கார்புரேட்டரைக் கழட்டலையே?”

ராசப்பன் சற்றுத் தடுமாறினார். “அது... கெடந்துட்டுப் போவுதுங்க” என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகவே போல் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். பேர் எழுதிய பக்கம் கிழிந்துபோயிருந்தது. உள்மூலையில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. “எருக்குழியில கெடந்துச்சுங்க. இதுதான் விஷம்.”

அந்த நேரம் காப்பியோடு வந்த பாவாயி பையைப் பார்த்தாள். அவள் கண் பையிலிருந்து நேராகக் கோழிக் கொட்டாய்க்குப் போய்த் திரும்பியது.

நாமக்கல்லுக்குத் திரும்பும் வழியில் சௌந்திரம் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கத்தினாள்.

“பாஸ், அந்த ஊட்டு அடுப்பும் இதே கேஸ்லதான் எரிஞ்சிருக்குது. என்னைக்கு நின்னுச்சுன்னு கேட்டேன். ஒரே நாள்ல நிக்கலையாம். பங்குனியில இருந்து இழுத்துட்டுக் கெடந்துச்சாம். முதல்ல சோறும் கொழம்பும் ஆகும், அப்பறம் சோறு மட்டும் ஆகும், கடைசியில காப்பித்தண்ணி கொதிக்கறதுக்குள்ள அணைஞ்சு போயிருமாம். விஷம் வெச்சா ஒரு ராத்திரியில சாகோணுமில்ல? இது சீக்காளி மாதிரியில்ல செத்திருக்குது?”

“ராசப்பன் இதைச் சொல்லலையே?”

“அவரு சாப்பிட உக்காந்தாத்தானே அடுப்பைப் பத்தித் தெரியும்? எந்நேரமும் ஜீப்புக்கு அடியிலதான் கெடப்பாராம். கோழிக் கொட்டாய்ப் பக்கமே எட்டிப் பார்க்கறதில்லையாம். அவருக்கு வேண்டியது கோழி இல்லீங்க பாஸ், கோழியோட பின்பக்கம்.”

கோழி மருந்துக் கடை சென்றாயன் அந்தப் பையைக் கையில் வாங்கக்கூட இல்லை. தூரத்தில் வைத்தே சொல்லிவிட்டார்.

“விஷமா? யாருங்க சொன்னது? இது கோழிச் சளிக்குக் குடுக்கற மருந்துங்க. குடிக்கற தண்ணியில கலந்து வெக்கோணும். மஞ்சளா, கசப்பா இருக்கும். இப்பெல்லாம் இது இல்லாம எந்தப் பண்ணையும் ஓடறதில்லீங்க.”

“எருமப்பட்டி ராசப்பன் தோட்டத்துக்கு யாராச்சும் வாங்கினாங்களா?”

“ராசப்பனா? அவரு இந்தக் கடைக்கு வந்து எத்தனை நாளாச்சு. எருமப்பட்டிக்குன்னு வாங்கறது நம்ம பங்க்காரர் சின்னுசாமிதானுங்க. அவருகிட்ட ஒரு கோழிகூடக் கெடையாது. நானே கேட்டுப்போட்டேன், ஏனப்பா பெட்ரோலுக்குச் சளி புடிச்சிருக்குதான்னு.”

வெளியே வந்ததும் சௌந்திரம் விரலை மடக்கினாள். “பொருளும் அவரு வாங்கினது. பகையும் அவருக்குத்தான். ராசப்பன் சொன்னது சரியாப்போச்சே பாஸ். பாவம், பாவாயி அக்கா.”

சின்னுசாமியின் வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்துகொண்டிருந்தார்கள். எதிரே அவன் பங்க். செங்கோடன் அங்கே ஸ்கூட்டருக்கு டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டான். மாப்பிள்ளை புது வேட்டியில் நின்று வேலை ஏவிக்கொண்டிருந்தான். செங்கோடன் அவனைத் தனியாக அழைத்துப் பையைக் காட்டினான். மாப்பிள்ளைக்கு முகம் வெளிறிப்போயிற்று.

“இது எனக்குத் தெரியாதுங்க.”

“சரி. அப்ப உங்க அக்காவைத்தான் கேக்கணும்.”

“அக்காவை இழுக்காதீங்க!” சின்னுசாமி சட்டென்று செங்கோடனின் கையைப் பிடித்துக்கொண்டான். “நாந்தானுங்க பண்ணேன். நாந்தான் தொட்டியில விஷத்தைக் கொட்டினேன். மச்சான்கிட்டச் சொல்லிருங்க.”

“என்ன விஷம்?”

“எ... எலி மருந்துங்க.”

“எப்படிக் கொட்டினீங்க?”

“டிரம்மு மூடியைத் தெறந்துதானுங்க.”

சௌந்திரம் பெருமூச்சு விட்டாள். “அந்த டிரம்முக்கு மூடியே கெடையாதுங்க மாப்பிள்ளை. கவுத்துப் போட்ட அண்டா மாதிரி இருக்குது. பொய் சொல்றதுன்னா இடத்தையாச்சும் ஒரு தடவை பார்த்துட்டு வந்து சொல்லோணும்.”

சின்னுசாமி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். “பங்குனியில கோழியெல்லாம் கொர்ரு கொர்ருன்னு மூச்சுத் தெணறிச் செத்துட்டு இருந்துச்சுங்க. அக்கா மச்சான்கிட்டச் சொல்லியிருக்கறா. பார்க்கலாம்னு சொல்லிட்டு ஜீப்புக்கு அடியில பூந்துட்டாராம். வேற யாருகிட்டப் போவா? நான்தான் வாங்கி வாய்க்கால் மேட்டுல வெப்பேன், அவ எடுத்துக்குவா. என் ஊட்டுத் துரும்பு வரக்கூடாதுன்னு சொன்ன மனுசன். தெரிஞ்சா அவளைத் தொரத்திருவாருங்க. இணைச்சீருக்கு அவ வராட்டிப் போவுது. அவ ஊட்டுல அவ இருக்கோணும்.”

செங்கோடன் வேட்டி மடிப்புக் கலையாத அந்த மாப்பிள்ளையைப் பார்த்தான். குற்றவாளிகள் அவனிடம் நிறையப் பொய் சொல்லியிருக்கிறார்கள். குற்றமே செய்யாதவன் இத்தனை கெட்டியாகப் பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை.

“அப்ப மருந்து கோழிக்குத்தான் போச்சு. தொட்டியை யாரு கெடுத்தா பாஸ்?” என்றாள் சௌந்திரம், ஸ்கூட்டரில் ஏறும்போது.

“நமக்கு ஏன் மோர் கிடைக்கலை, சௌந்திரம்?”

“எருமைக்கு ஊசி போட்டாங்க, பாலு தோயலை... ஐயோ!”

“ஏறு. திரும்பிப் போவோம்.”

எருமப்பட்டித் தோட்டத்தில் ராசப்பன் கயிற்றுக் கட்டிலில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தீர்ப்புக் கேட்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். பாவாயி அடுப்படி நிலையைப் பிடித்து நின்றாள்.

“பால் தயிராகறதுக்கு அதுல கண்ணுக்குத் தெரியாத உயிர் வேணும்” என்று ஆரம்பித்தான் செங்கோடன். “எருமைக்குப் போட்ட ஊசி மருந்து பாலுலயும் இறங்கி அந்த உயிரைக் கொன்னுடுச்சு. அதனால உறை ஊத்தியும் தோயலை. எரு கேஸாகறதுக்கும் அதே மாதிரி உயிர் வேணுங்க. கோழிக்குக் குடுத்த சளி மருந்து எருவுல வந்து, எரு தொட்டிக்குப் போயி, அதையும் கொஞ்சங் கொஞ்சமாக் கொன்னுடுச்சு. யாரும் உங்க தொட்டிக்கு விஷம் வெக்கலை. உங்க கோழிக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க. மருந்தை வாங்கினது சின்னுசாமி. கலந்து குடுத்தது உங்க வீட்டம்மா.”

பாவாயி அழவில்லை. அடி விழும் என்று எதிர்பார்க்கிறவள் மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

ராசப்பன் எழுந்தார். எல்லோரும் பயந்தது நடக்கவில்லை. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. “அப்படின்னா மருந்தை நிறுத்திட்டாக் கேஸு வருமுங்களா?”

“வரும். கொஞ்ச நாள் ஆகும்.”

“அப்ப ஜீப்பு மேல ஒரு குத்தமும் இல்லை! கேட்டியா பாவாயி? இன்னையில இருந்து மருந்தை நிறுத்து. ஆடிக்குள்ள மறுக்கா எல்லாரையும் கூப்பிட்டு...”

“நிறுத்திப் பார்த்தாச்சுங்க” என்றாள் பாவாயி.

ராசப்பன் திரும்பினார்.

“சித்திரைக் கடைசியில மருந்து தீந்துபோச்சு. தம்பி கல்யாண வேலையில இருந்தான், வாங்கியார முடியலை. தெக்குக் கொட்டாயில இருந்த கோழி பூராவும் செத்துப்போச்சுங்க. கிழக்கோழின்னு யாவாரிகிட்டப் புடிச்சுக் குடுத்துட்டேன்னு உங்ககிட்டச் சொன்னேன். குடுக்கலை. நாந்தான் குழி வெட்டிப் பொதைச்சேன். நீங்க அப்ப ஜீப்புக்கு அடியில இருந்தீங்க.”

“பாதிக் கோழிக்கு மட்டும் குடுத்தா?”

“சளி ஒண்ணுக்கு வந்தா அத்தனைக்கும் வந்துருதுங்களே.”

“மாட்டுச் சாணி போட்டா?”

கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். சாணத்தில் தொடங்கி, அந்த வாயுவில் அடுப்பு எரிந்தும் ஜீப் ஓடாததால்தான் கோழி எருவுக்கு வந்திருந்தார். இனி ஒவ்வொரு கதவாக அவரே சாத்திக்கொண்டு வந்தார். கோழி பிழைத்தால் ஜீப் நிற்கும். ஜீப் ஓடினால் கோழி சாகும். கோழி செத்தால் ஜீப்பும் நிற்கும். அதற்கு அப்பால் யோசிக்க அந்தத் தோட்டத்தில் ஒன்றுமில்லை.

கடைசியில் அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். “சார், சின்னுசாமிதான் விஷம் வெச்சான்னு எழுதிக் குடுத்துருங்களேன்.”

சௌந்திரம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செங்கோடன் கையமர்த்தினான். அவனுக்கு இப்போதுதான் இந்த மனிதர் தன்னை எதற்காகச் சேலத்திலிருந்து வரவழைத்தார் என்பது முழுதாகப் புரிந்தது. விஷம் வைத்தவன் ஒருவன் இருக்கிற வரைக்கும் இது நல்ல ஜீப். லாரி முதலாளிகள் மறுபடி வந்து நாற்காலியில் உட்காருவார்கள். கோழிக்குச் சளி பிடித்தால் நின்றுபோகிற வண்டியைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ராசப்பனுக்குத் தேவைப்பட்டது குற்றவாளி. இல்லாத ஆளை எங்கிருந்து பிடித்துக் கொடுப்பது?

“அவரும் அதையேதான் சொன்னாருங்க” என்றான் செங்கோடன். “நாந்தான் விஷம் வெச்சேன், மச்சான்கிட்டச் சொல்லிருங்கன்னு கையைப் புடிச்சாரு. டிரம்முக்கு மூடி இல்லைங்கறதுகூடத் தெரியாம சொன்னாரு. மருந்து குடுத்தது தெரிஞ்சா அக்காவை நீங்க தொரத்திருவீங்கன்னு பயம். அக்கா கல்யாணத்துக்கு வராட்டிப் போவுது, அவ ஊட்டுல இருக்கோணும்னாரு. அவரு சொன்னதே பொய். அதையே நான் எழுத முடியாதுங்க.”

பாவாயி இப்போதுதான் அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

ராசப்பன் கோழிக் கொட்டாய்க்குப் போனார். கம்பி வலைக்கு வெளியே நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். உள்ளே கோழிகள் திடமாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் மூச்சுத் திணறவில்லை. திரும்பி வந்து ஜீப்பின் மேலிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ரப்பர் பை சரிந்து தரையில் விழுந்தது. பிறகு உளியும் சுத்தியலும் எடுத்துவந்து டேங்க் மூடியின் மேல் வைத்து அடித்தார். தோட்டம் முழுக்கக் கேட்டது. பாவாயி ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடி தெறித்து விழுந்தது.

“சார், உங்க ஸ்கூட்டர்ல இருக்கற பெட்ரோலைக் குடுக்க முடியுமுங்களா?” என்றார் ராசப்பன், யாருடைய முகத்தையும் பார்க்காமல். “இவளைக் கொண்டுபோய் இவ தம்பி ஊட்டுல உடோணும்.”

செங்கோடன் ரப்பர் குழாயை வைத்து, ஸ்கூட்டரில் கிடந்த கடைசிச் சொட்டு வரைக்கும் வடித்துக் கொடுத்தான். பாவாயி அவசரமாகச் சேலை மாற்றிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். பாட்டரி தீர்ந்திருந்தது. செங்கோடனும் சௌந்திரமும் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஜீப் இரண்டு முறை உதறிவிட்டு எழுந்தது. கேஸில் ஓடியபோதெல்லாம் இருமிக்கொண்டே ஓடிய வண்டி, இப்போது ஒரு தட்டல் இல்லாமல் சீராக உறுமியது. பெட்ரோல் வாசனை தோட்டத்தில் பரவியது.

ராசப்பன் கியர் போட்டார். கிடந்த ரப்பர் பையை ஒதுக்கி ஓட்டாமல், அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு படலைத் தாண்டினார்.

செங்கோடனும் சௌந்திரமும் காலி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள்.

“பக்கத்துல பங்க் எங்கீங்க பாஸ்?”

“நாமக்கல். சின்னுசாமியோடது.”

“அந்த ஜீப்புலயே நாமும் தொத்தியிருக்கலாம். எனக்குத்தான் மனசு வரலை.” முன்னால் ஜீப் மெதுவாக, நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ராசப்பனின் முதுகு இங்கிருந்தே தெரிந்தது. “என்னங்க பாஸ், அவரு தோளு அப்படிக் குலுங்குது? ரோடு அங்க மோசமா?”

செங்கோடன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே முன்னால் பார்த்தான். காலையில் அவர்கள் வந்ததும் அதே ரோட்டில்தான். அந்த இடத்தில் ஒரு குழிகூட இல்லை.